கேட்டால் பதில் வர வேண்டும்: எங்கள் வரி ஆலோசகர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் செயலாளர் ஆண்டறிக்கை வாசிக்கும்போது ஓர் இடத்தில் நிறுத்தி, "வாட்ஸ்அப் குரூப்பில் 400 பேருக்கு மேல் இருக்கிறோம். மாதக் கூட்டத்துக்கு 40 பேர் வருவதே பெரிய விஷயமாக இருக்கிறது. உறுப்பினர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது" என்றார். மேடையில் இருந்தவர்கள் வருத்தத்தோடு தலையசைத்தீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றே எழுந்து பேசியிருக்க வேண்டும். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கிளம்பிவிட்டேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஆர்வம் குறையவில்லை. குறைந்திருந்தால் மாதாமாதம் 20-ஆம் தேதி ராத்திரி 11 மணிக்கு, ஜிஎஸ்டி போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும் நேரத்தில், "யாருக்காவது 3பி ஃபைல் ஆகுதா சார்?" என்று இத்தனை பேர் கேட்க மாட்டார்கள். 3பி என்ற அந்த மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஒரு நாள் தாண்டினால் 50 ரூபாய், வியாபாரமே இல்லாத நில் ரிட்டர்னாக இருந்தாலும் 20 ரூபாய் லேட் ஃபீஸ். அதைப் பார்ட்டியிடம், அதாவது நம் வாடிக்கையாளரிடம், கேட்க வாய் வராமல் கைக்காசைப் போட்டுக் கட்டுகிறவர்கள் நாம். இப்படிப்பட்டவர்களுக்குச் சங்கம் வேண்டாம் என்று எப்படி இருக்கும்?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பக்கத்து ஊர் நண்பர், நம் உறுப்பினர், சந்தாவை ஒரு வருடம்கூட பாக்கி வைக்காதவர். அவருடைய பார்ட்டி ஒருவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வீட்டில் நோய், கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது என்று 2018-19 ரிட்டர்ன்களைச் சேர்த்து 2020 கடைசியில்தான் போட்டார்கள். கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி கிரெடிட்டைக் காலம் கடந்து எடுத்தீர்கள் என்று, அதற்குக் கெடு வைக்கும் ஜிஎஸ்டி சட்டத்தின் 16(4) பிரிவைக் காட்டி, பணம் கட்டச் சொல்லி டிஆர்சி-07 ஆர்டர் வந்தது. வரி மட்டும் 1,84,000 ரூபாய். வட்டியும் அபராதமும் தனி. சட்டமே அப்படித்தான் இருக்கிறது, அப்பீல் போய் என்ன பயன் என்று அப்பீலும் போடவில்லை.

அப்புறம் 2024-இல் சட்டத்தையே திருத்தி 16(5)-ஐச் சேர்த்தார்கள். 2017-18 முதல் 2020-21 வரையிலான கிரெடிட்டை 2021 நவம்பர் 30-க்குள் போட்ட ரிட்டர்னில் எடுத்திருந்தால் செல்லும் என்றார்கள். அப்பீல் போகாதவர்களும் ஆர்டரைத் திருத்தக் கேட்டு (ரெக்டிஃபிகேஷன்) விண்ணப்பிக்கலாம் என்று அந்த அக்டோபர் 8-ஆம் தேதி அறிவிக்கை வந்தது. ஆறு மாத அவகாசம். என் நண்பரின் பார்ட்டிக்கென்றே எழுதியது போல இருந்தது அந்த அறிவிக்கை.

நம் குரூப்பில் அதைப் போட்டீர்களா என்றால், போட்டீர்கள். பிறகு நானே தேடிப் பார்த்தேன். ஆங்கில பிடிஎஃப், எங்கிருந்தோ வந்ததை அப்படியே ஃபார்வர்ட் செய்தது. இது யாருக்கு, எதற்கு என்று ஒரு வரி கிடையாது. அந்த வாரம் ஆயுத பூஜை. சரஸ்வதி படமும், பொரி கடலைத் தட்டும், விஜயதசமி வாழ்த்தும் வரிசையாக வந்து, விரலால் தள்ளித் தள்ளிக் கை வலிக்கும் அளவுக்குக் கீழே போய்விட்டது அந்த பிடிஎஃப். நண்பரும் வாழ்த்துகளைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

2025 மே மாதம் ஒரு வக்கீல் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. உடனே குரூப்பில் கேட்டார். காலை 10.40 இருக்கும். "16(4) ஆர்டருக்கு ரெக்டிஃபிகேஷன் போட இன்னும் டைம் இருக்கா சார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்." யாரும் சொல்லவில்லை. 11 மணிக்கு ஒருவருக்குப் பிறந்தநாள் என்று கேக் படங்கள் வந்தன. அந்தக் கேள்வியை நானும் பார்த்தேன், பதிலும் எனக்குத் தெரியும். 400 பேர் இருக்கிறார்களே, யாராவது சொல்லிவிடுவார்கள் என்று என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். சாயங்காலம் பார்த்தால் அது அப்படியே கிடந்தது. போன் பண்ணி, "ஏப்ரல் 7-ஓடு முடிஞ்சு போச்சே சார்" என்றேன். எதிர்முனையில் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்த மனுஷன்கிட்ட நான் என்ன சொல்வேன்?" என்று மட்டும் கேட்டார்.

நண்பர் குரூப்பை விட்டு வெளியேறவில்லை, மியூட் பண்ணிவிட்டார். இந்த வருடம் சந்தாவும் கட்டவில்லை. செயலாளர் வாசித்த அறிக்கையில் ஆர்வம் குறைந்தவர்கள் கணக்கில் அவரும் சேர்ந்திருப்பார்.

அன்று காலை நான் செய்த தவறைத்தான் நாம் எல்லோரும் தினமும் செய்கிறோம். கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி என்று ஓர் ஆளை எதற்கு வைத்தார்கள்? தண்ணீர் எல்லோருக்கும் பொது, மடையையும் எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால் கடைசி வயல் காய்ந்துபோகும். நம் குரூப்பில் பதில் சொல்வது எல்லோருடைய வேலையாக இருக்கிறது, அதனால் யாருடைய வேலையாகவும் இல்லை. எனவே என் முதல் கோரிக்கை, முக்கியமான கோரிக்கை: முறை வையுங்கள். ஒரு நாளைக்கு ஒருவர். காலை 10 முதல் மாலை 6 வரை குரூப்பில் விழும் ஒவ்வொரு தொழில் கேள்விக்கும் அன்றைய முறைக்காரர் ஒரு பதில் போட வேண்டும். தெரிந்தால் பதில், தெரியாவிட்டால் "மூத்தவர்களிடம் கேட்டு நாளை சொல்கிறேன்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி வந்தாலே கேட்டவருக்குத் தெம்பு வரும். சங்கத்தில் சீனியர்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், குறைந்தது 20 பேர் தேறுவார்கள். ஆளுக்கு மாதம் ஓரிரு நாள்தான் வரும்.

அறிவிக்கைகளை வெறும் பிடிஎஃபாகப் போடுவதை நிறுத்துங்கள். மேலே தமிழில் மூன்று வரி எழுதுங்கள்: இது யாருக்கு, எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும். "16(4)-இல் ஆர்டர் வாங்கி அப்பீல் போகாதவர்கள் கவனிக்கவும். 2025 ஏப்ரல் 7-க்குள் போர்ட்டலில் திருத்த விண்ணப்பம் போடலாம்." இவ்வளவு இருந்திருந்தால் போதும். அவகாசம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு முறை, ஒரு வாரம் இருக்கும்போது ஒரு முறை அதையே திரும்பப் போட்டிருந்தால் அந்தக் கடைக்காரர் இன்று தவணையில் பணம் கட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

வாழ்த்துச் சொல்லாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கல்யாணம், வீடு கிரகப்பிரவேசம், யாரோ ஒருவரின் அப்பா தவறிவிட்டார், இதெல்லாம் தெரிய வேண்டியதுதான், அதுவும் சங்கம்தான். ஆனால் அதற்குத் தனி இடம் வேண்டும். வாட்ஸ்அப்பில் 2022 முதல் கம்யூனிட்டி என்ற வசதி இருக்கிறது. நிர்வாகிகள் மட்டும் போடும் அறிவிப்புக்கு ஒன்று, கேள்வி பதிலுக்கு ஒன்று, வாழ்த்துக்கும் பேச்சுக்கும் ஒன்று என்று ஒரே குடையின் கீழ் பிரிக்கலாம். அரை நாள் வேலை. அறிவிப்பை மட்டும் மியூட் பண்ணாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்போது உரிமையோடு சொல்லலாம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவசரத்தில் பார்ட்டியின் நோட்டீஸை அப்படியே படம் எடுத்து குரூப்பில் போடுகிறோம். ஜிஎஸ்டி எண்ணில் நம் மாநிலக் குறியீடான 33-ஐ அடுத்து வரும் பத்து எழுத்தும் எண்ணும் அவருடைய பான் என்பது நமக்குத் தெரியாததா? தனி நபர் கடை என்றால் அது அந்த மனிதரின் சொந்த பான். கூடவே பெயர், முகவரி, வரி பாக்கி எல்லாம் 400 போன்களில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நம்மை நம்பிப் பாஸ்வேர்டு வரை கொடுத்து வைத்திருக்கிறவர்கள் அவர்கள். பெயரையும் எண்ணையும் மறைத்துத்தான் போட வேண்டும், மறைக்காத படத்தை அட்மின் உடனே நீக்க வேண்டும் என்று விதி போடுங்கள்.

இனி கூட்டம். 2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். கடைசித் தேதிகள் மாறி மாறித் தள்ளிப்போன மாதங்கள், எந்த ரிட்டர்னுக்கு எந்தத் தேதி என்று நமக்கே குழப்பம். அப்போது சங்கம் ஜூமில் கூட்டம் வைத்தது. இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் அறுந்துபோகும். மறுபடி லிங்க் வரும், எல்லோரும் மறுபடி உள்ளே வருவோம். ஹாலில் நான் ஒருநாளும் பார்த்திராத உறுப்பினர்கள் அதில் இருந்தார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே ரிட்டர்ன் போடும் ஒரு சகோதரி, பேசாமல் சாட்டில் தட்டித் தட்டிக் கேட்ட கேள்விகள்தான் அந்தக் கூட்டங்களிலேயே உருப்படியான கேள்விகள். அப்புறம் ஹால் திறந்தது, ஜூம் நின்றது. அந்தச் சகோதரியை அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் கூட்டம் என்று போடுகிறீர்கள். என் ஊருக்குக் கடைசி பஸ் 8.45. கூட்டம் தொடங்கவே 6.40 ஆகிவிடும், பொன்னாடை போர்த்தி முடிய 7.15. பேச்சாளர் விஷயத்துக்கு வரும்போது நான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். உள்ளூர்க்காரர்கள் ஹாலுக்கு வரட்டும், வெளியூர்க்காரர்கள் அதே நேரத்தில் போனில் பார்க்கட்டும். பெரிய கேமரா வேண்டாம், ஸ்டாண்டில் ஒரு போன் போதும். ஆனால் பேசுபவர் சட்டையில் ஒரு காலர் மைக் கட்டாயம் வேண்டும். ஹால் ஸ்பீக்கர் சத்தத்தைப் போன் பிடித்தால் எதிரொலிதான் மிஞ்சும். போனில் பார்ப்பவர்களின் கேள்வியை வாசிக்க ஒருவரை மேடை ஓரத்தில் உட்கார வையுங்கள், முதல் கேள்வி அவர்களுடையதாக இருக்கட்டும். பதிவையும் ஒன்றரை மணி நேர வீடியோவாக அப்படியே ஏற்ற வேண்டாம். கேள்வி வாரியாக வெட்டி, தமிழில் தலைப்பு வைத்தால் நோட்டீஸ் வந்த அன்று தேடி எடுக்க முடியும்.

இது நடக்கும் காரியம்தான் என்பதற்கு நம் குரூப்பே சாட்சி. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, 22-ஆம் தேதி முதல் புதிய வரி விகிதம் என்றது. 12-உம் 28-உம் போய், பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்று மாறின. இடையில் 19 நாள். பழைய ஸ்டாக்கை என்ன ரேட்டில் விற்பது, அதற்கு எடுத்த கிரெடிட் என்னவாகும் என்று ஒரே கேள்வி விதவிதமாக வந்தது, பதில்களும் ஒன்றுக்கொன்று முரணாக. அப்போது நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆறு நிமிடத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். மளிகைக் கடைக்காரருக்குச் சொல்வது போல நிறுத்தி நிதானமாக, நல்ல தமிழில். நான் அதை என் பார்ட்டிகள் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அந்த வாரம் குரூப்பில் இருந்த உயிரை நீங்களும் பார்த்தீர்கள். யாரும் போட்டி வைக்கவில்லை, பரிசு கொடுக்கவில்லை. வினாடி வினா நடத்தலாம், ரீல்ஸ் போடலாம் என்று செயற்குழுவில் பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். அந்த நேரத்தை முறைக்காரர்களைத் தயார் செய்வதற்குக் கொடுங்கள்.

வேலை இப்போது இன்னும் கூடுகிறது. வருமான வரிச் சட்டம், 2025 என்று புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல். 1961 சட்டத்தின் பிரிவு எண்கள் நமக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இனி எண்களே வேறு. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று பார்ட்டிக்கு விளக்கி விளக்கி அலுத்த சொற்கள் போய், வரி ஆண்டு என்ற ஒரே சொல். பழைய வருடங்களுக்குப் பழைய சட்டம், புதிய வருடத்துக்குப் புதிய சட்டம் என்று இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். சின்ன ஊரில் ஒற்றை ஆளாக, ஒரு கம்ப்யூட்டரோடு தொழில் பண்ணுகிற ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க சங்கத்தை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

கடைசியாக ஒன்று. சந்தா கட்டாதவர்களின் பட்டியலைப் பொருளாளர் குரூப்பில் போடப் போவதாகச் சொன்னார். வேண்டாம். ஆளுக்குப் பத்துப் பேராகப் பிரித்துக்கொண்டு போன் பண்ணுங்கள். பணத்தைப் பற்றிப் பேசாமல், கடைசியாக என்ன கேட்டீர்கள், பதில் கிடைத்ததா என்று மட்டும் கேளுங்கள். நான் சொன்ன நண்பருக்குத் தலைவரே பேசினால் நன்றாக இருக்கும். எண் சங்கப் பதிவேட்டில் இருக்கிறது. யார் என்று தனியாகச் சொல்கிறேன்.

முறை வைப்பதாக இருந்தால் செவ்வாய்க்கிழமையை எனக்குக் கொடுங்கள். ஒரு நாள் இல்லை, எல்லாச் செவ்வாயும் நானே பார்க்கிறேன். ரிட்டர்ன் கெடு நாளான 11-ஆம் தேதியோ 20-ஆம் தேதியோ செவ்வாயில் விழுந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் காலத்திலிருந்து உங்களோடு இருக்கும் ஓர் உறுப்பினர்