சம்பந்தி வீட்டாருக்குப் பலாப்பழ ரம்

புதுச்சேரி,
முத்தியால்பேட்டை

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. நீ கேட்டதைப் போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதியை நீ மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். அடுப்படியில் ஒட்டி வைத்துக்கொள்.

ஜூலை 14 அன்று சம்பந்தி இருவரும் பாரீஸுக்கு வருகிறார்கள், சாப்பாடு முடிந்ததும் கொடுக்க, பழமும் க்ரீமும் போட்ட இனிப்பு காக்டெயில் ஒன்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். உன் மனதில் இருப்பது பின்யா கொலாடாதான். நான் பார் கவுன்டரில் நின்ற காலத்தில் அதைக் கலக்காத சாயங்காலமே கிடையாது. அன்னாசி, தேங்காய் க்ரீம், வெள்ளை ரம், ஐஸ், அவ்வளவுதான். போர்ட்டோ ரீக்கோ தீவில் சான் ஹுவானில் இருக்கும் கரீபே ஹில்டன் ஹோட்டல், 1954இல் தங்கள் பாரில்தான் அது பிறந்தது என்று சொல்லிக்கொள்கிறது. அதே 1954 நவம்பர் 1ஆம் தேதிதான் நம் ஊர் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. ஓல்டு மாங்க் ரம் கடைக்கு வந்ததும் அந்த வருஷக் கடைசியில்தான். இந்த மூன்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கவுன்டரில் உட்காருகிறவர்களிடம் இதைச் சொன்னால் இன்னொரு கிளாஸ் கேட்பார்கள்.

நீ பின்யா கொலாடா செய்யாதே. சம்பந்தி இருவரும் கரீபியன் கடலில் பிரான்ஸின் கையில் இருக்கும் மார்த்தினிக் தீவில் பிறந்து வளர்ந்தவர்கள். தேங்காயும் ரம்மும் அவர்கள் வீட்டுச் சரக்கு. தேங்காய்ப்பால், கண்டென்ஸ்டு மில்க், பட்டை, வெனிலா, எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டு கிறிஸ்துமஸுக்கு அவர்களே போன்ஷ் கோக்கோ என்ற தேங்காய் ரம் கலக்குவார்கள். சம்பந்தியம்மா கை அதில் பழகிய கை. அவர்கள் முன்னால் நீ தேங்காய் ரம்மை வைத்தால் நாகரிகத்துக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள், உள்ளே எடை போடுவார்கள். நம் ஊர்க்காரர்கள் சென்னை ஹோட்டலில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும்.

அவர்களிடம் இல்லாதது பலாப்பழப் பாயசம். அதையே ஆறவைத்து, கொஞ்சம் இளக்கி, ரம் சேர்த்துக் குளிரக் கொடு. சீமைப்பலா அவர்கள் தினம் சாப்பிடுவது. பழுத்த பலாச்சுளையைத் தேங்காய்ப்பாலில் கரைத்துக் குடிப்பது நம்முடையது. ரம் மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

மார்த்தினிக் ரம் நமக்கும் அவ்வளவு அந்நியம் இல்லை. 1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்ததும் அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. 1853 மே மாதம் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆட்களோடு ஒரேலி என்ற கப்பல் மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. அடுத்த முப்பது வருஷத்தில் அந்தத் தீவுக்கு மட்டும் சுமார் 25,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கு இன்னும் அதிகம். அவர்கள் வெட்டிய கரும்புதான் சர்க்கரையும் ரம்முமாக ஆனது. நம் மசாலாவும் அங்கே கொலோம்போ என்ற பெயரில் தங்கிவிட்டது. சம்பந்தியின் பாட்டி பெயரைக் கல்யாணத்தில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டு மேஜையில் இதை நீயாக ஆரம்பிக்க வேண்டாம். அவர் ஆரம்பித்தால் பேசு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆறு சின்ன கிளாஸுக்குக் கணக்கு இது.

பலா இந்த மாதம் இங்கே குவிந்து கிடக்கிறது. பண்ருட்டியிலிருந்து லாரி லாரியாக வருகிறது. பெரிய மார்க்கெட் வாசலில் நின்றாலே சட்டையில் வாசனை ஏறிவிடும். நேற்று அம்மா ஒன்றை வெட்டினாள். கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, பிசினைப் பழைய தினத்தந்தியில் துடைத்துவிட்டு, சுளையின் தலையைக் கிள்ளி, கட்டை விரலை உள்ளே விட்டுக் கொட்டையைப் பிதுக்கினாள். கொட்டை வெளியே வந்தாலும் அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோல் சுளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் உரித்தாக வேண்டும். விட்டுவிட்டால் மிக்ஸியில் அரைபடாமல் நகத்துண்டு மாதிரி நாக்கில் தட்டும். அங்கே உனக்கு டின்தான் கிடைக்கும். லாச்சப்பல் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் இரண்டு விதமாக வைத்திருப்பார்கள். மஞ்சளாக, சர்க்கரைப் பாகில் இருப்பது பழம். வெளிர் நிறத்தில் உப்புத் தண்ணீரில் இருப்பது பலாக்காய். படத்தைப் பார்த்து எடுக்காதே, பின்னால் எழுதியிருப்பதைப் படித்து எடு.

பாகை வடித்துவிட்டு 250 கிராம் சுளை எடுத்துக்கொள். சின்னதாக நறுக்கி, கால் டம்ளர் தண்ணீர், ஒரு கை வெல்லத்தூள், ஒரு சிட்டிகை உப்பு போட்டு மெல்லிய தீயில் ஐந்து நிமிஷம் கொதிக்கவிடு. டின் சுளை ஏற்கெனவே இனிப்பு, அதனால் வெல்லத்தைப் பாதியிலேயே நிறுத்தி ருசி பார். டின் இல்லாமல் புதிதாக வெட்டிய சுளை கிடைத்தால் பத்து நிமிஷம் ஆகும், அதைக் கட்டாயம் வேகவைக்க வேண்டும். வேகாத பழத்தில் புரதத்தை உடைக்கிற சத்து இருக்கும். அன்னாசியில் அது அதிகம். நறுக்கிய அன்னாசியைப் பாலோடு அடித்து அரை மணி நேரம் வைத்துப் பார், கசந்துபோயிருக்கும். சூடு பட்டால் அந்தக் குணம் போய்விடும். வெந்ததை நன்றாக ஆறவிட்டு நைசாக அரைத்து வடிகட்டு. பலாவில் நார் உண்டு, வடிகட்டாமல் விட்டால் குடிப்பதற்குப் பதில் மெல்ல வேண்டியிருக்கும்.

வடிகட்டிய விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி முதல் நாள் ராத்திரியே ஃப்ரீஸரில் வைத்துவிடு. இதுதான் சூட்சுமம். தண்ணீர் ஐஸ் போட்டால் கடைசி வாய் சப்பென்று ஆகிவிடும். பழமே ஐஸாக இருந்தால் உருகினாலும் பழம்தான்.

அடுத்தது க்ரீம். நம் வீட்டில் பலாப்பழத்தோடு பால் சேர்க்க அம்மா விடமாட்டாள், வயிற்றைக் கெடுக்கும் என்பாள். சரியோ தவறோ, அந்தப் பிடிவாதத்தால்தான் முந்திரி வந்தது, அது க்ரீமைவிட நன்றாகவே இருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது நீ எடுத்துப்போன பண்ருட்டி முந்திரி மிச்சம் இருந்தால் 50 கிராம் எடு. உடைத்த முந்திரியே போதும், முழு முந்திரியை வீணாக்காதே. வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அரை. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் மணல் தட்டக் கூடாது. அதில் இருக்கும் எண்ணெயும் மாவுச்சத்தும் சேர்ந்துதான் பாலாடை போன்ற கனத்தைத் தரும். சம்பந்தி வீட்டில் யாருக்காவது கொட்டை வகை ஒத்துக்கொள்ளாதா என்று மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டுவிடு.

க்ரீமே போட வேண்டும் என்று உனக்கு ஆசையாக இருந்தால், அம்மாவிடம் சொல்லாதே, 30 சதவீதம் கொழுப்புள்ள முழு க்ரீம் வாங்கு. கொழுப்புக் குறைந்த லெஜேர் வகை வேண்டாம். புளிப்பும் சாராயமும் பட்டால் கொழுப்புக் குறைந்தது சீக்கிரம் திரிந்துபோகும், முழு க்ரீம் தாங்கும். அதையும் கடைசியில்தான் ஊற்ற வேண்டும்.

தேங்காய்ப்பால் 200 மில்லி. டின்னைத் திறந்தால் மேலே கட்டியாகவும் கீழே தண்ணீராகவும் இருக்கும், பயப்படாதே. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அவ்வளவுதான். திறப்பதற்கு முன் டின்னை வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டுக் குலுக்கு. அப்புறம் ஃப்ரிட்ஜில் ரொம்ப நேரம் வைக்காதே. பழ ஐஸோடு சேர்த்து மிக்ஸியில் அதிக நேரம் ஓட்டினாலும் கொழுப்பு குருணை குருணையாகத் திரண்டுவிடும். முதலில் பழ ஐஸ், முந்திரி விழுது, ரம் மூன்றையும் ஓட்டி நைசாக்கு. தேங்காய்ப்பாலை ஊற்றிக் கடைசியாக இரண்டு சுற்று, போதும். ஒரு ஏலக்காயின் அரிசியை நுணுக்கிப் போடு. சுக்குப் பொடி கத்தி முனையளவு. பாயச வாசனை வருவது இந்த இரண்டால்தான், இரண்டும் அதிகமானால் கஷாயம்.

இனிப்பைச் சூடாக இருக்கும்போது பார்த்து முடிவு செய்யாதே. குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். அறைச் சூட்டில் ஒரு சொட்டுத் தூக்கலாக இருக்கும்படி வை.

இனி ரம். கடையில் மார்த்தினிக் என்று கேட்டால் வெள்ளையும் இருக்கும், பழையதும் இருக்கும். அங்கே பெரும்பாலும் கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறார்கள், நம் ஊர் ரம் மாதிரி வெல்லப்பாகுக் கழிவில் இல்லை. 1996இல் அதற்கென்று பிரெஞ்சு அரசின் ஊர்ப்பெயர் முத்திரையே கிடைத்தது. வெள்ளை ரம்மில் பச்சைப் புல் வாசனை தூக்கலாக இருக்கும், எலுமிச்சையோடு அது அருமை. பலாவோடு சேர்ந்தால் சண்டை. மரப்பீப்பாயில் வைத்துப் பழசானதாகப் பார்த்து வாங்கு, வியூ என்று போட்டிருக்கும். பலாப்பழ வாசனையும் நல்ல ரம் வாசனையும் ஏறக்குறைய ஒரே வகைப் பொருள்களால் ஆனவை. பழைய ரம்மை மோந்து பார்த்தாலே வாழைப்பழம் போல ஒன்று எட்டிப் பார்க்கும். பாயசத்துக்கு அதுதான் சரியான கூட்டு. விலை அதிகமானதை வாங்காதே, அதைச் சும்மா குடிக்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவில்தான் நீ கவனமாக இருக்க வேண்டும். ரம் 40 சதவீதம் என்றால் ஆறு பேருக்கும் சேர்த்து 180 மில்லி. தலைக்கு நம் கணக்கில் ஒரு ஸ்மால். ஆனால் அந்தத் தீவு ரம்மில் 50, 55 சதவீதமும் சாதாரணம். 50 என்றால் 145 மில்லியோடு நிறுத்து, 55 என்றால் 130. இப்படிக் கலந்தால் மொத்தத்தில் ஒன்பது சதவீதம் போல வரும், பீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாயச இனிப்பும் தேங்காய்க் கொழுப்பும் அதை மூடிவிடும். குடிக்கிறவருக்குப் பாயசமாகத்தான் தெரியும், எழுந்து நின்றால்தான் ரம் தெரியும். எங்கள் பாரில் ஒரேயடியாகச் சாய்ந்தவர்கள் விஸ்கிக்காரர்கள் இல்லை, இனிப்பு கேட்டவர்கள்தான். கடலூரிலிருந்து முள்ளோடை எல்லை தாண்டி வந்து, இது ஜூஸ்தானே என்று நாலு கிளாஸ் அடித்தவரை நானே தோளில் தாங்கி பஸ் ஏற்றியிருக்கிறேன். அதனால் கொடுக்கும்போதே இதில் ரம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடு. சம்பந்தி காரில் வருகிறாரா என்று கேள். அங்கே லிட்டர் ரத்தத்துக்கு அரை கிராம்தான் வரம்பு, சாப்பாட்டோடு ஒயினும் போயிருக்கும். சம்பந்தியம்மா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், அவருக்கு ரம் கலக்குவதற்கு முன்பே ஒரு கிளாஸ் தனியாக எடுத்து வை. ரம் இல்லாமலும் இது நன்றாகவே இருக்கும், அம்மா அப்படித்தான் குடிக்கிறாள்.

மேலே தூவ நெய்யில் வறுத்த முந்திரி வேண்டாம். பாயசப் பழக்கத்தில் கை அங்கேதான் போகும், ஆனால் குளிரில் நெய் உறைந்து உதட்டில் மெழுகாக ஒட்டும். துருவிய தேங்காயை வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்துத் தூவு. பெரிய கிளாஸ் எடுக்காதே, ஒயின் கிளாஸில் பாதி போதும், கையில் சின்ன ஸ்பூன் கொடு.

முதல் நாள் உனக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் பாதி அளவில் செய்து பார்த்துவிடு. ரம் வாங்கியதும் லேபிளைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, சதவீதத்தைப் பார்த்து அளவு சரியா என்று சொல்கிறேன். சுக்கும் ஏலக்காயும் அங்கே வாங்க வேண்டாம். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பையன் பாரீஸ் வருகிறான், அம்மா பொட்டலம் கட்டிவிட்டாள். கூடவே நார்த்தங்காய் ஊறுகாயும் வருகிறது, அது சம்பந்தியம்மாவுக்கு.

அன்புடன்,
அப்பா