76, 38, 1: வெளிநாட்டுச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், இணைய இதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவு ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நெதர்லாந்து அரசியலைத் தொடர்ந்து கவனித்து வரும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அந்நாட்டின் தீவிர வலதுசாரித் தலைவர் கீர்ட் வில்டர்ஸ் பற்றித் தமிழில் செய்தி வருவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். ஒன்று, தேர்தலில் அவர் கட்சி நிறைய இடம் பிடிக்கும்போது. மற்றொன்று, இஸ்லாம் பற்றியோ குடியேறிகள் பற்றியோ அவர் பேசியது சர்ச்சையாகும்போது. நடுவில் நடந்தவை வருவதில்லை. 2023 நவம்பரில் அவர் வென்றதைப் படித்த வாசகர் பலர், அவர் பிரதமராகி நாட்டை ஆண்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1998 முதல் நாடாளுமன்றத்தில் இருக்கும் வில்டர்ஸ் இதுவரை ஒரு துறைக்குக்கூட அமைச்சராக இருந்ததில்லை. ஏன் என்பதை விளக்க மூன்று எண்கள் போதும். வில்டர்ஸ் செய்தி எது வந்தாலும் அந்த மூன்றையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதே இந்த மடலின் நோக்கம்.

முதல் எண் 76. டச்சு (அதாவது நெதர்லாந்து) நாடாளுமன்றத்தின் கீழவையில் 150 இடங்கள். பெரும்பான்மைக்கு 76 வேண்டும். தொகுதிகள் கிடையாது. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளை 150-ஆல் வகுத்தால் ஓர் இடத்தின் விலை வந்துவிடும். 2023-இல் அது சுமார் 70,000 வாக்கு. அதை எட்டும் எந்தக் கட்சியும் உள்ளே வரலாம். தனியாக 5 விழுக்காடு போன்ற தடையெல்லாம் இல்லை. அதனால் அவையில் பதினைந்து கட்சிகள் இருப்பது அங்கே வழக்கமான காட்சி. வில்டர்ஸின் சுதந்திரக் கட்சி, டச்சுச் சுருக்கப் பெயரில் பி.வி.வி., அந்தத் தேர்தலில் சுமார் 24.5 இலட்சம் வாக்குகளுடன் முதலிடம் பிடித்தது. கிடைத்த இடங்கள் 37. பெரும்பான்மைக்கு இன்னும் 39 வேண்டும். ‘வென்றார்’ என்று எழுதும் அதே வரியில் இந்த 39-ஐயும் எழுதினால் வாசகர் ஏமாற மாட்டார்.

தேர்தலுக்குப் பின் நடப்பதையும் படிப்படியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில், யார் யாருடன் சேர வாய்ப்பிருக்கிறது என்று கட்சித் தலைவர்களிடம் கேட்டறிய ஒருவர் அமர்த்தப்படுவார். பிறகு ‘இன்ஃபர்மாட்யூர்’ எனப்படும் நடுவர் கொள்கைப் பேச்சு நடத்துவார். உடன்பாடு எழுத்தில் வந்த பிறகுதான் அமைச்சர்கள் தேர்வு. 2012 முதல் இந்த நியமனங்களை அரசர் குடும்பம் செய்வதில்லை, கீழவையே செய்கிறது. 2023-இல் முதலில் அமர்த்தப்பட்டவர் சில நாளிலேயே விலகினார். அடுத்து வந்த ரொனால்ட் பிளாஸ்டர்க் நடத்திய பேச்சிலிருந்து என்.எஸ்.சி. என்ற புதிய கட்சியின் தலைவர் பீட்டர் ஓம்ட்சிக்ட் 2024 பிப்ரவரியில் வெளியேறினார். மார்ச் 13 அன்று, கூட்டணிக்கு வரக்கூடிய கட்சிகள் ஏற்காததால் தான் பிரதமராகப் போவதில்லை என்று வில்டர்ஸ் அறிவித்தார். மே 16 அன்று நான்கு கட்சிகளின் உடன்பாடு வெளியானது: பி.வி.வி. 37, வலதுசாரி தாராளவாதக் கட்சியான வி.வி.டி. 24, என்.எஸ்.சி. 20, உழவர் கட்சியான பி.பி.பி. 7, ஆக 88. நான்கு தலைவர்களும் அவையிலேயே இருந்துகொள்ள, எந்தக் கட்சியையும் சேராத மூத்த அதிகாரி டிக் ஸ்கோஃப் 2024 ஜூலை 2 அன்று பிரதமரானார். வாக்குப்பதிவு நாளிலிருந்து 223 நாள்.

இரண்டாம் எண் 38. இது தமிழ்ச் செய்திகளில் அறவே வருவதில்லை, எங்களுக்குப் பெரிய ஆதங்கமும் இதில்தான். மேலவையில் 75 பேர். பெரும்பான்மைக்கு 38 வேண்டும். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாகாண சபை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 மேயில் அமைந்த மேலவையில் பி.வி.வி.க்கு 4 இடம், வி.வி.டி.க்கு 10, பி.பி.பி.க்கு 16. என்.எஸ்.சி. அப்போது பிறக்கவே இல்லை. மொத்தம் 30. எந்தச் சட்டம் நிறைவேறவும் எதிர்க்கட்சிகளிடமிருந்து இன்னும் எட்டு வாக்கு வேண்டியிருந்தது. கீழவையில் 88 வைத்திருந்த அரசு மேலவையில் சிறுபான்மை அரசு.

பி.வி.வி.யின் மர்யோலைன் ஃபாபர் புகலிடத் துறை அமைச்சரானதும், நாடாளுமன்றத்தைக் கேட்காமல் நெருக்கடிகால அதிகாரத்தைப் பயன்படுத்தும் திட்டம் முன்வைக்கப்பட்டது இந்தக் கணக்கினால்தான். அதற்கான சட்ட அடிப்படை இல்லை என்று அதிகாரிகளே எச்சரித்தனர். என்.எஸ்.சி. மறுத்தது. 2024 அக்டோபரில் கைவிட்டு, வழக்கமான மசோதா வழிக்குத் திரும்பினார்கள். ஒரு மசோதா, தற்காலிகப் புகலிட அனுமதியை 5 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைத்து நிரந்தர அனுமதியை நீக்குவது. மற்றொன்று, தனிப்பட்ட துன்புறுத்தலால் வந்தவர், போரால் வந்தவர் என இருவகையாகப் பிரித்து, பின்னவர் குடும்பத்தை அழைத்துக்கொள்வதைக் கடினமாக்குவது. அரசுக்குச் சட்ட ஆலோசனை தரும் மன்றம் இந்த வடிவில் கொண்டுவர வேண்டாம் என்றது. 2025 ஜூலை 3 அன்று இரண்டும் கீழவையில் நிறைவேறின. ஆனால் அதற்கு முன்பே வில்டர்ஸ் அரசை விட்டுப் போய்விட்டார். மே 26 அன்று பத்து அம்சத் திட்டம் ஒன்றை வைத்து, ஜூன் 3 அன்று தன் அமைச்சர்களைத் திரும்பப் பெற்றார். பதினோரு மாத ஆட்சி. வாக்களித்தவர்கள் கேட்ட சட்டம் அவையில் பாதி வழியில் இருக்கும்போது அரசைக் கவிழ்த்தது ஏன் என்ற கேள்வியை டச்சு இதழ்கள் விடாமல் கேட்டன. தமிழில் ‘அரசு கவிழ்ந்தது’ என்பதோடு நின்றுவிடக் கூடாது.

மூன்றாம் எண் 1. வில்டர்ஸின் அரசியல் வாழ்வு முழுவதையும் திறக்கும் சாவி இது. பி.வி.வி.யின் உறுப்பினர் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒருவர் வில்டர்ஸ். சங்கமாகப் பதிவுசெய்ய இருவர் தேவை என்பதால், தொடங்கும்போது அவரும், அவரே நடத்தும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து பதிவு செய்தார்கள். சட்டப்படி செல்லும். மாநாடு இல்லை, இளைஞர் அணி இல்லை, தலைவர் தேர்தல் இல்லை. அரசு மானியம் பெறக் குறைந்தது 1,000 உறுப்பினர் வேண்டும் என்பதால் அதுவும் இல்லை. வேட்பாளர் பட்டியலை அவர்தான் எழுதுகிறார்.

இதன் பலம் வெளிப்படை: ஒரே குரல், உள்கட்சிச் சண்டை மேடைக்கு வராது. பலவீனம் உள்ளே இருக்கிறது. நெதர்லாந்தில் கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லை. நாடாளுமன்ற இடம் உறுப்பினருக்குச் சொந்தம், கட்சிக்கு அல்ல. வி.வி.டி. உறுப்பினராக இருந்த வில்டர்ஸ், ஐரோப்பிய ஒன்றியத்தில் துருக்கியைச் சேர்ப்பது பற்றிய கருத்து வேறுபாட்டால் 2004 செப்டம்பரில் வெளியேறியபோது இதே விதியால்தான் தன் இடத்தை வைத்துக்கொண்டார். 2006-இல் கட்சி தொடங்கி 9 இடம் பெற்றார். கேள்வி கேட்க உள்ளே மேடை இல்லாதவர்கள் அதே கதவு வழியாகப் பின்னர் வெளியே போனார்கள். 2010-இல் வி.வி.டி. 31, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியான சி.டி.ஏ. 21 கொண்ட சிறுபான்மை அரசுக்கு பி.வி.வி. 24 பேரும் வெளியிலிருந்து ஆதரவு தந்ததால் கணக்கு சரியாக 76. கட்சிக்குள் ஜனநாயகம் கேட்ட ஹீரோ பிரிங்க்மன் 2012 மார்ச்சில் பிரிந்ததும் அது 75. அடுத்த மாதம் செலவுக் குறைப்புப் பேச்சிலிருந்து வில்டர்ஸ் எழுந்து போக, அந்த அரசும் விழுந்தது. 2025 அக்டோபர் 29 தேர்தலில் பி.வி.வி.யும் நடுவழித் தாராளவாதக் கட்சியான டி66-உம் தலா 26 இடம் பெற்றன. வாக்கு எண்ணிக்கையில் டி66 சிறிதே முந்தியது. 2026 ஜனவரியில் பி.வி.வி. உறுப்பினர் ஏழு பேர் தனிக் குழுவாகப் பிரிந்தார்கள். 26, ஒரே நாளில் 19 ஆனது.

இனி சொற்களைப் பற்றி. கீழவையின் டச்சுப் பெயருக்கு ‘இரண்டாம் அவை’ என்று பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாசகர் மேலவை என்று எண்ணிக்கொள்வார். குடியேற்றமும் புகலிடமும் ஒன்றல்ல: 2023-இல் நெதர்லாந்துக்கு வந்து குடியேறியவர்கள் 3,30,000-க்கு மேல், முதல்முறை புகலிடக் கோரிக்கை வைத்தவர்கள் ஏறக்குறைய 38,000. மற்றவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் குடும்பத்தோடு சேரவும் வந்தவர்கள், உக்ரைனியர்கள். வில்டர்ஸ் பேச்சில் இவை கலந்து வரும். செய்தியில் கலக்கக் கூடாது.

வழக்குகளிலும் தடுமாற்றம் நிறைய. இரண்டு வெவ்வேறு வழக்குகள் அவை. இஸ்லாம் பற்றிய பேச்சுகளுக்காக நடந்த முதல் வழக்கில் 2011 ஜூனில் அவர் விடுவிக்கப்பட்டார். 2014 மார்ச்சில் ஹேக் நகரில் தன் ஆதரவாளர்களிடம் மொராக்கோ நாட்டவர் குறைவாக வேண்டுமா எனக் கேட்டு முழக்கமிட வைத்ததற்காக நடந்தது இரண்டாவது. 2016 டிசம்பரில் கீழ் நீதிமன்றம் ஒரு மக்கள் குழுவை இழிவுபடுத்தியது, பாகுபாட்டைத் தூண்டியது ஆகிய இரண்டிலும் குற்றவாளி என்றது. தண்டனை ஏதும் விதிக்கவில்லை. 2020 மேல்முறையீட்டில் இழிவுபடுத்தியது மட்டும் நிலைத்தது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ‘வெறுப்புப் பேச்சுக்காகச் சிறை’ என்றோ ‘முழுதாக விடுதலை’ என்றோ எழுதினால் இரண்டுமே பிழை.

அவர் 2004 நவம்பர் முதல் இரவு பகலாகக் காவலர் பாதுகாப்பில் வாழ்வதும் உண்மை. அவர் பேச்சால் அங்கே பிறந்து வளர்ந்த முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் நாட்டிலேயே அந்நியராக்கப்படுவதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் செய்தியை நாங்கள் ஏற்கவில்லை. குர்ஆனையும் மசூதிகளையும் தடைசெய்யும் மசோதாவை 2024 ஜனவரியில் பேச்சுவார்த்தைக்காகத் திரும்பப் பெற்றார். அவர் ‘மாறிவிட்டார்’ என்று எழுதும் முன், அந்த மசோதாவைத் தந்தவரும் திரும்பப் பெற்றவரும் அவரே என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து நாட்காட்டியில் குறிக்க வேண்டியது 2027 மார்ச்: மாகாண சபைத் தேர்தல். அதில் வெல்வோர் மே மாதம் புதிய மேலவையைத் தேர்ந்தெடுப்பார்கள். அன்று மாலை முதலில் பார்க்க வேண்டியது யார் முதலிடம் என்பதை அல்ல, எந்தெந்தக் கட்சிகள் சேர்ந்தால் 38 வருகிறது என்பதை.

இப்படிக்கு,
டச்சு அரசியலைத் தொடர்ந்து வாசித்து வரும் தமிழ் வாசகர்கள் சிலர்