சிவப்பு விளக்கும் உன் மார்க் டூவும்

அன்புள்ள வைத்தி,

உன் கடிதமும் பேத்தியின் காதுகுத்துப் படங்களும் வந்து சேர்ந்தன. எல்லாப் படத்திலும் பின்னால் உன் மார்க் டூ அம்பாசிடர் நிற்கிறது. குழந்தையை எடுத்தாயா, வண்டியை எடுத்தாயா என்று சரோஜா கேட்கிறாள். அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடும் உத்தியோகம் எனக்கு. ஐந்து நிமிஷம் தாமதமானாலும் மெமோ உண்டு.

சரி, வண்டி விஷயம். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மங்கலாக எரிகிறது, ஹெட்லைட் போட்டால் கூடுதலாகத் தெரிகிறது, எலக்ட்ரீசியன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே வேலைக்குப் புது மாதிரி ஆல்டர்னேட்டர் மாட்டச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

அந்த விளக்கு ஒரு தராசு மாதிரி. அதன் ஒரு கால் சாவி சுவிட்ச் வழியாக பேட்டரியில், இன்னொரு கால் டைனமோவின் பெரிய டெர்மினலில், அதாவது 'டி'யில். வண்டி நிற்கும்போது பேட்டரி பக்கம் 12 வோல்ட், டைனமோ பக்கம் சைபர். அதனால் பளிச்சென்று எரிகிறது. இன்ஜின் ஓடி இரண்டு பக்கமும் சமமானால் அணைந்துவிடும். வித்தியாசம் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். எந்தப் பக்கம் குறைச்சல் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் விளக்கு எரிந்தாலே டைனமோ போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது என்கிறேன்.

முக்கியமான ஒன்றை நீ எழுதவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் விளக்கு மங்குகிறதா, கூடுகிறதா? மங்கி அணைந்தால் பெரும்பாலும் கவலையில்லை. லூகாஸ் சி40 வகை டைனமோ நல்ல வேகத்திலேயே 22 ஆம்பியர்தான் தரும், ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. டைனமோவைச் சுற்றும் ஃபேன் பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்திப் பார். அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே போனால் இறுக்கு. ஐடிலிங்கையும் ஒரு சுற்று கூட்டிப் பார்.

மிதிக்க மிதிக்கக் கூடினால் கதை வேறு. டைனமோ நன்றாகவே உற்பத்தி செய்கிறது, ஆனால் அது பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கட்-அவுட் பெட்டியைப் பார்க்க வேண்டும். ஹெட்லைட் போட்டால் கூடுகிறது என்று நீ எழுதியதைப் பார்த்தால் என் சந்தேகமும் அங்கேதான். இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட்டும் போட்டு, பெட்டியில் டைனமோ ஒயர் வரும் 'டி'க்கும் பேட்டரிப் பக்கம் போகும் 'ஏ'க்கும் நடுவே வோல்ட் மீட்டர் வைத்துப் பார். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கட்-அவுட் பாயின்ட், அதாவது உள்ளே தொட்டுப் பிரியும் முனைகள், கறுத்துப் போயிருக்கிறது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, நைசான உப்புத்தாளைக் கீற்றாக நறுக்கி, பாயின்ட்டுக்கு நடுவில் வைத்து விரலால் லேசாக அழுத்தியபடி உருவி எடு. அந்தப் பாயின்ட்டுக்கு எமரி ஷீட் ஆகவே ஆகாது. பெரிய கடைகளில்கூட அதைத்தான் தேய்க்கிறார்கள், பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'டி', 'ஏ' நடுவே மீட்டர் ஒன்றும் காட்டாவிட்டால், சாவி சுவிட்சையும் அதற்குப் போகும் ஒயர் முனைகளையும் பார். அங்கே பச்சை பூத்திருந்தாலும் இதே மாதிரி மங்கலாக எரியும்.

மிதித்தாலும் மாறாமல் பிரகாசமாகவே எரிந்தால்தான் டைனமோ மேல் சந்தேகம். அதன் இரண்டு ஒயரையும் கழற்றி, 'டி', சின்ன டெர்மினலான 'எஃப்' இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அதிலிருந்து எர்த்துக்கு மீட்டர் வை. மெதுவாக வேகம் கூட்டு. முள் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்ட விடாதே, ரேஸ் வேண்டாம். முள் அசையவே இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அது சில்லறைச் செலவு. அரை, ஒரு வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயில். நாலைந்து வோல்ட்டில் நின்றால் உள்ளே சுற்றும் ஆர்மேச்சர், அதைக் காயில் கட்டுபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஆல்டர்னேட்டருக்கு நான் எதிரியில்லை. ராத்திரி டிராஃபிக்கில் நின்றாலும் சார்ஜ் ஆகும், அந்தச் சுகம் டைனமோவில் கிடையாது. ஆனால் மாட்டினால் அந்தக் குட்டி பல்பை அலட்சியமாக விடாதே. டைனமோவில் பல்பு ஃபியூஸ் ஆனாலும் சார்ஜ் நிற்காது. ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. அது போனால் சார்ஜே துவங்காமல் அடம்பிடிக்கும். வயரிங்கில் கோளாறை வைத்துக்கொண்டு ஆல்டர்னேட்டர் மாட்டினால் அதே விளக்கு அப்படியேதான் எரியும், பணம் போனதுதான் மிச்சம்.

சங்கரன் மகள் கல்யாணப் பத்திரிகை உனக்கும் வந்திருக்குமே? ரிசப்ஷன் முடிந்து ராத்திரியே திரும்பும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடு, நம் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் புறப்படலாம். அதற்கு முன் மீட்டரில் பார்த்ததை எழுது. 'டி', 'ஏ' நடுவே என்ன காட்டியது என்பது எனக்குக் கட்டாயம் வேண்டும்.

அன்புடன்,
ராமு