வண்டி நின்ற நாளின் பொட்டலக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை பிறந்தால் 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைப் பற்றி உங்கள் பத்திரிகையில் யாராவது எழுதுகிறார்கள். தமுக்கம், அலங்காநல்லூர், செல்லூர் வைகைப் பாலத்தில் மறித்த பாசஞ்சர் வண்டி என்று எல்லாம் வருகிறது. அந்த நாட்களில் மதுரை ஜங்ஷன் பிளாட்பார ஸ்டாலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் நான்.

பாலத்தில் வண்டி நிற்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. செல்லூரில் இருக்கும் மச்சான் போனில் சொல்லித்தான் தெரியும். அதற்குள் ராத்திரி வண்டிகளுக்கான தயிர்சாதம், புளிசாதம், இட்லிப் பொட்டலங்கள் வந்து இறங்கிவிட்டன. வடக்கே எந்த வண்டியும் கிளம்பாது என்றால் அத்தனையையும் யாருக்கு விற்பது? பால் ஊற்றிப் பிசைந்த தயிர்சாதமே மறுநாள் காலையில் புளித்துவிடும். பிளாட்பாரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் வாங்கியது போக, மீதியைப் பாதி விலைக்கும் சும்மாவும் கொடுத்தோம். வாரக் கடைசியில் கணக்குப் பார்த்த லைசன்ஸ்காரர் (ரயில்வேயிடம் லைசன்ஸ் எடுத்து ஸ்டாலை நடத்துபவர்) அந்தப் பொட்டலங்களின் காசை எங்கள் கமிஷனில் பிடித்துக்கொண்டார். போராடிய பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. எங்கள் வீட்டுப் பையனும் தமுக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அதற்கு முந்தைய மாதம், 2016 டிசம்பர் 5. முதல்வர் ஜெயலலிதா காலமானதாக மாலையிலேயே டிவியில் ஓடியது, அப்புறம் இல்லை என்றார்கள். நள்ளிரவுக்குப் பிறகுதான் உறுதியானது. அதற்கு வெகு முன்பே ஸ்டேஷனுக்கு வெளியே கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கியாச்சு. பஸ்ஸும் இல்லை. ஊர் அடைத்தாலும் எங்கள் கடையை அடைக்க முடியாது, வண்டியிலிருந்து இறங்கியவர்கள் வேறெங்கே போவார்கள்? பால் தீர்ந்து வரக்காப்பிதான் போட்டோம். ராஜபாளையத்து அம்மா ஒருவர், பெரியாஸ்பத்திரியில் வாங்கிய இன்சுலின் குப்பியைக் காட்டி, "தம்பி, இது சூடாகக் கூடாதாம்" என்றார். குளிர்பெட்டியில் ரயில் நீர் பாட்டில்களுக்கு நடுவே செருகி வைத்தேன். காலையில் ஊசி போட்டதும் சாப்பிட வேண்டுமே என்று கடைசி நாலு இட்லியை அவருக்கென்று எடுத்து வைத்தேன்.

இப்படி நின்ற நாட்களுக்கு எங்களுக்குக் கூலி என்று ஒன்று கிடையாது. விற்றால் கமிஷன், அவ்வளவுதான்.

வண்டி ஓடாத நாளுக்கு லைசன்ஸ் கட்டணத்தை ரயில்வே கழித்துக் கொடுக்கட்டும். அப்படிக் கழிக்கும்போது, ஊழியருக்கு அன்றைய கூலி கொடுத்ததற்கு அந்த ஊழியரின் கையெழுத்தோடு லைசன்ஸ்காரரிடம் ரசீது கேட்கட்டும். மீந்த பொட்டலத்தை எங்கள் தலையில் கட்டக் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். அப்புறம், வண்டி நிற்கும் சேதி ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு வந்தவுடன் ஒரு ஆளை அனுப்பி ஸ்டால்களுக்கும் சொன்னால் போதும். உலை வைப்பதற்கு முன்பே நிறுத்திவிடுவோம்.

என் பெயரைப் போட வேண்டாம். இன்னமும் அதே ஸ்டாலில்தான் நிற்கிறேன்.

பிளாட்பார ஸ்டால் ஊழியர்,
மதுரை