புள்ளி வாங்காத வண்டி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான சமாச்சாரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள், மழையால் தள்ளிப்போன ஒன்றைத் தவிர, ஒழுங்காக நடந்தன. கருவிகளை இரவல் தரும் ஏற்பாடு தொடர்கிறது. டார்க் ரெஞ்சை வாங்கிப்போனவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து கொண்டுவந்து கொடுத்துவிடவும். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு பந்தய மோட்டார் சைக்கிளை எடுத்து ஆண்டு முழுக்க அலசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. ஹோண்டா என்.ஆர்.500 தேர்வானபோது முணுமுணுப்பு எழுந்தது. 1979 முதல் 1982 வரை, கிராண்ட் பிரி எனப்படும் உலகப் பந்தயங்களின் 500 சி.சி. இன்ஜின் பிரிவில் ஓடியும் உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு புள்ளிகூட வாங்காத வண்டி அது. ஜெயித்த வண்டி எத்தனையோ இருக்க இது எதற்கு என்று கேட்டார்கள். ஜெயித்த வண்டியை எடுத்தால் அதை ஓட்டியவரைப் பற்றித்தான் பேச்சு போகும். இதில் இன்ஜினை விட்டு நகரவே முடியாது. அதனால்தான் பிடிவாதமாக நின்றேன்.

1967-க்குப் பிறகு கிராண்ட் பிரியை விட்டு விலகியிருந்த ஹோண்டா திரும்பி வர நினைத்தபோது, 500 சி.சி. களம் முழுக்க டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களின் கையில் இருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்கின் (இன்ஜினின் சுழல் தண்டு) ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். டூ ஸ்ட்ரோக் வண்டியான யமஹா ஆர்.எக்ஸ்.100 வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. அதே சி.சி.யில் ஈடுகொடுக்க வேண்டுமானால் இன்ஜின் 20,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) பக்கம் சுழல வேண்டும். அந்த வேகத்தில் காற்று உள்ளே போய் வர நிறைய வால்வு வேண்டும். எட்டு சிலிண்டர் போட்டால் தீர்ந்தது, ஆனால் நான்குக்கு மேல் கூடாது என்பது விதி. பேசாமல் டூ ஸ்ட்ரோக்குக்கு மாறியிருக்கலாம். ஹோண்டா மாறவில்லை.

பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். பிஸ்டன் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் ஆனது: இரண்டு பக்கமும் நேர்கோடு, இரு முனையிலும் அரைவட்டம். ஒரு பிஸ்டனுக்கு அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் இரண்டு, இரண்டு ஸ்பார்க் பிளக், எட்டு வால்வு. ஆக நான்கு சிலிண்டர் வி-4 இன்ஜினில் 32 வால்வு. எட்டு சிலிண்டருக்கு உண்டான வால்வுகள் விதிக்குள்ளேயே வந்துவிட்டன.

இந்த இடத்தில்தான் எங்கள் கூட்டம் சூடு பிடித்தது. பிஸ்டனின் அளவு 93.4 மி.மீ. நீளம், 41 மி.மீ. அகலம், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 36 மி.மீ. கடைசி வரிசையில் இருந்த உறுப்பினர் ஒருவர் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கினார். நடுவில் செவ்வகம், இரண்டு முனையையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம், அதை ஸ்ட்ரோக்கால் பெருக்கி, நான்கால் பெருக்கினார். விடை 499.5 சி.சி. பலகையில் அது விழுந்ததும் கைதட்டல்.

சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருக்கும் மூத்த உறுப்பினர் மட்டும் கைதட்டவில்லை. “வட்டம்னா லேத்துல மாட்டி ஓட்டிடலாம். இதை எதுல மாட்டி ஓட்டுறது? அதுக்கு ரிங் யார் செஞ்சு குடுப்பாங்க தம்பி?” என்றார். சரியான கேள்வி. ரிங் என்பது பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைக்கும் வளையம். வட்ட ரிங் விரியும்போது சுற்றிலும் ஒரே மாதிரி சுவரை அமுக்கும். நேர்கோட்டுப் பகுதியில் அந்த ஸ்பிரிங் தன்மை இருக்காது, அமுக்கம் அங்கேதான் கசியப் பார்க்கும். அண்ணன் ஒரே வரியில் கேட்டது ஹோண்டாவை ஆண்டுக்கணக்கில் படுத்திய சிக்கல்.

இவ்வளவு புதுமையும் போதாதென்று 1979 வண்டிக்கு ஃபிரேமையும் (வண்டியின் சட்டம்) புதிதாகச் செய்தார்கள். இன்ஜினைச் சுற்றி அலுமினிய ஓடு. ஜப்பானில் அதற்கு இறால் ஓடு என்று பட்டப்பெயர். சக்கரம் 16 அங்குலம், முன் ஃபோர்க் தலைகீழ், ரேடியேட்டர் பக்கவாட்டில். பார்க்க அழகுதான். ஆனால் இன்ஜினில் கை வைக்க வேண்டுமென்றால் பாதி வண்டியைக் கழற்ற வேண்டும். இது பட்டறை வாசனையே படாதவர் வரைந்த படம் என்பது என் சொந்தக் கருத்து. 1980-ல் வழக்கமான குழாய் சட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

முதல் ஓட்டம் 1979 ஆகஸ்டில், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில். அந்தக் காலத்தில் இன்ஜினை அணைத்து வைத்து, கொடி விழுந்ததும் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டும். என்.ஆர்.500 அதற்கு லேசில் மசியாது. ஹோண்டாவின் இரண்டு ஓட்டுநர்களில் ஒருவரான மிக் கிராண்ட் ஒருவழியாகக் கிளப்பி, தன் வண்டியிலிருந்து கசிந்த எண்ணெயிலேயே வழுக்கி முதல் சுற்றில் விழுந்தார். இன்னொருவரான தகாசுமி கதயாமாவின் வண்டி இக்னிஷன் கோளாறில் நின்றது. அதே பந்தயத்தில்தான் அன்றைய நட்சத்திர ஓட்டுநர்களில் கென்னி ராபர்ட்ஸ் பேரி ஷீனை 0.03 விநாடியில் முந்தினார். ஹோண்டாவை யார் கவனித்திருப்பார்கள்? அடுத்து பிரான்சின் லே மானில் இரண்டு வண்டிகளும் தகுதிகூடப் பெறவில்லை.

இன்ஜின் மெல்ல மெல்லத் தேறியது. 1981 ஜூனில் ஜப்பானில் நடந்த சுஸுகா 200 கி.மீ. பந்தயத்தில் கெங்கோ கியாமா ஜெயித்தார். அடுத்த மாதம் அமெரிக்காவின் லகுனா சேகாவில் ஃபிரெடி ஸ்பென்சர் ஒரு ஹீட் (பந்தயத்தின் ஒரு சுற்றுப் பிரிவு) ஓட்டத்தில் ராபர்ட்ஸையே தோற்கடித்தார். இரண்டும் உலக சாம்பியன்ஷிப் கணக்கில் சேராதவை.

இந்த வண்டியில் இருந்த ஒன்றை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் திராட்டிலை (ஆக்சிலேட்டர்) மூடியதும் இன்ஜின் பிடிக்கும் பிடியில் பின்சக்கரம் துள்ளும். அதைத் தணிக்க, எதிர்விசை அதிகமானால் தானே வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச் பொருத்தினார்கள். இன்று ஷோரூமில் ஸ்லிப்பர் கிளட்ச் என்று தனியாகச் சொல்லி விற்கிறார்களே, அதே சங்கதி.

1982-ல் ஹோண்டா மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கான என்.எஸ்.500-ஐ இறக்கியது. அந்த ஆண்டே பெல்ஜியத்தில் ஸ்பென்சர் அதில் ஜெயித்தார். 1983-ல் ராபர்ட்ஸை 2 புள்ளியில் முந்தி சாம்பியனும் ஆனார். டூ ஸ்ட்ரோக் கோஷ்டி இந்தக் கூட்டத்துக்கு இனிப்பு வாங்கி வந்ததை அறிக்கையில் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்துவிட்டேன். அவர்கள் வாயடைக்க ஃபோர் ஸ்ட்ரோக் தரப்பு 2002-ஐ எடுத்துப் போட்டது: 990 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் அனுமதிக்கப்பட்ட முதல் ஆண்டிலேயே ஹோண்டாவின் ஆர்.சி.211வி 16 பந்தயத்தில் 14-ஐ வென்றது. ஐந்து சிலிண்டர். பிஸ்டன்? வட்டம்தான். ரிங் கேட்ட அண்ணன் அன்றைக்குத்தான் சிரித்தார்.

நீள பிஸ்டனும் வீணாகிவிடவில்லை. 1992-ல் என்.ஆர். என்ற பெயரிலேயே 750 சி.சி. சாலை வண்டியில் அது விற்பனைக்கு வந்தது. பந்தய வண்டியில் வேலை பார்த்த தகேயோ ஃபுகுய் 2003-ல் ஹோண்டாவின் தலைவரே ஆனார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன: 1950-களின் எட்டு சிலிண்டர் மோட்டோ குஸ்ஸி, அப்புறம் சுஸுகி ஆர்.ஜி.500. இன்று கை தூக்கி முடிவு செய்யலாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன் பொருளாளரைப் பார்த்துவிடவும். சங்க விதிப்படி பாக்கிக்காரர்களுக்கு ஓட்டு இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்