ஆய்வகச் சாவியை வைத்திருப்பவர்களுக்கு

கல்லூரி நிர்வாகத்தாருக்கும் மின்னணுவியல் துறைப் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் உங்களிடம் படித்தவன். கடற்கரை ஊரான மண்டபத்தில் படகுக் கருவிகள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஒலியால் கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ்., வயர்லெஸ், எது நின்றுபோனாலும் என் மேசைக்குத்தான் வரும். சென்ற மாதம், உங்கள் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறிய தம்பி ஒருவன் வேலை கேட்டு வந்தான். பேட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி மல்டிமீட்டரைக் கொடுத்தேன். சற்று முன் நான் கரண்ட் அளந்திருந்தேன். சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையிலேயே இருந்தது. அவன் அதைக் கவனிக்காமல் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தான். அந்தத் துளையில் மீட்டர் வெறும் கம்பி மாதிரிதான். பட்டென்று பொறி பறந்தது. இரண்டடி பின்னால் குதித்தவன் முதலில் கேட்டது இதைத்தான்: “இதற்கு எவ்வளவு கட்ட வேண்டும் அண்ணே?”

ஏன் பொறி வந்தது என்று அவன் கேட்கவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

நான் படித்த நாளிலும் உங்கள் ஆய்வகத்தில் இதே அபராதம் இருந்தது. ஒரு ஐ.சி. சில்லு எரிந்தால் பெயர் நோட்டில் ஏறும். செமஸ்டர் முடிவில் ‘நோ டியூஸ்’ கையெழுத்து வாங்கப் போனால் கணக்கு காத்துக்கொண்டிருக்கும். எந்தப் பொருளுக்கு? 1972-இல் சந்தைக்கு வந்து இன்றும் பெட்டிக்கடை மிட்டாய் போல விற்கிற 555 டைமர் ஐ.சி.க்கு. ஒரு டீக்குக்கூடப் போதாத காசில் கிடைக்கும் பி.சி.547 டிரான்சிஸ்டருக்கு. ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட வாங்கும் காகிதத்துக்கு இதைவிட அதிகம் செலவழித்திருக்கிறேன்.

அபராதத்துக்குப் பயந்து மாணவன் தொடுவதில்லை. நீங்களும் தொடத் தேவையில்லாத பெட்டிகளை வாங்கிவிட்டீர்கள். ஆம்பிளிஃபயர் சோதனை என்றால் மேசையில் ஒரு பெட்டி. மேல்தகட்டில் சுற்றுப்படம் அச்சாகியிருக்கும். உள்ளே எல்லாம் ஏற்கெனவே பற்றவைத்திருக்கும். நான்கு வயரைச் செருகினால், மின்னலையைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ.வில் அலை வந்துவிடும். வராவிட்டால் அடுத்த பெட்டி. அதிலும் வராவிட்டால் சீனியரின் ரெக்கார்டு நோட்டு இருக்கவே இருக்கிறது. பற்றவைக்காமல் செருகியே சுற்றுக் கட்டும் பிரெட்போர்டில் தானே கட்டிய சுற்று வேலை செய்யாமல், எந்தக் கால் எங்கே விட்டுப்போனது என்று அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வாய்ப்பு அவனுக்கு நான்கு ஆண்டிலும் கிடைப்பதில்லை. என் பிழைப்பு முழுவதும் அந்த அரை மணி நேரத்தால்தான் நடக்கிறது.

லேப் உதவியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்த ரிஜிஸ்டரில் ஐ.சி.யையும் டிரான்சிஸ்டரையும் சாக்பீஸ் கணக்கில் எழுதிவிடுங்கள். சாக்பீஸ் தீர்ந்தால் யாரும் அபராதம் கேட்பதில்லை.

கருவிகளைக் காப்பாற்றத்தான் ஆய்வகத்தைப் பூட்டுகிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நம் கடற்கரையில் பூட்டுதான் அவற்றைக் கொல்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், உங்கள் துறை கழித்துக்கட்டிய சி.ஆர்.ஓ. ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். குமிழ்களைச் சுற்றியிருந்த எழுத்துகள் கொஞ்சமும் தேயவில்லை. திரையில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். கனெக்டர் கால்களில் பாசி படிந்தாற்போல் பச்சைக் களிம்பு. ஒன்றை நகத்தால் நெருடினேன், கையோடு வந்துவிட்டது. யார் கையும் படாமலேயே செத்திருக்கிறது.

காரணம் நம் வீட்டு உப்புச் சாடியிலேயே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே கசியும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். காற்றோடு வந்து போர்டில் படிந்த உப்புத்தூள் இரவில் நீராகிச் செம்பைத் தின்னும். ஓடுகிற கருவிக்குத் தன் சூடே பாதுகாப்பு. மூடிக் கிடக்கும் கருவிக்கு அதுவும் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் என் கடைக்கு வந்து பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஜூன் பிறந்ததும் இயங்காத வயர்லெஸ்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டிவைக்கும் சம்மாட்டிகள், அதாவது படகு முதலாளிகள், அந்தக் கூட்டத்தில் அதிகம் இருப்பதில்லை.

ஆகவே மாலை ஐந்து முதல் ஏழு வரை ஆய்வகம் திறந்திருக்கட்டும். பீரோவுக்குள் ஒரு 15 வாட் குண்டு பல்பு எரியட்டும். பிரெட்போர்டுகளின் உள்கம்பிகள் இங்கே சீக்கிரம் கறுத்துவிடும், ஆண்டுதோறும் மாற்றுங்கள். கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் மேசையேறும் புதுக் கருவிகளைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

நம் ஊருக்கென்றே சில சோதனைகளும் இருக்கின்றன. எக்கோ சவுண்டரில் ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரைக் கல்லூரிக் கிணற்றில் இறக்குங்கள். நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். மூன்று மீட்டர் ஆழமிருந்தால் எதிரொலி 4 மில்லி செகண்டில் திரும்பும். அதை சி.ஆர்.ஓ. திரையில் பார்த்தவன் மறக்க மாட்டான். போர்டில் அடுத்தடுத்த இரண்டு தடங்களுக்கு நடுவே ஒரு சொட்டுக் கடல்நீர் விட்டு, மின்தடை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பெருநகரத்துக் கல்லூரி இதற்குக் கடல்நீரைக் கேனில் வரவழைக்க வேண்டும்.

வேலை வெளியூரில்தான் என்றும் சொல்லிவிட முடியாது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியை மோட்டார்கள் மேலேற்றுகின்றன. நம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நிற்கிறது. இங்கெல்லாம் கருவிகளின் பழுது கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

என் கடைப் பரணில் செத்துப்போன எக்கோ சவுண்டர்கள் பன்னிரண்டு கிடக்கின்றன. எல்லாவற்றையும் உங்கள் ஆய்வகத்துக்கு இலவசமாகத் தருகிறேன். மாணவர்கள் திறக்கட்டும், பிரிக்கட்டும், எரிக்கட்டும். ரிஜிஸ்டரில் மட்டும் ஏற்றாதீர்கள். மல்டிமீட்டரை எரித்த தம்பி இப்போது என்னிடம்தான் வேலை பார்க்கிறான். நீங்கள் நாள் சொன்னால் அவனே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவான்.

இப்படிக்கு,
பழைய மாணவன்,
மண்டபம்