காலாண்டு விடுமுறையில் ஒரு கதைப்புத்தகம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறைக்கு 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு கதைப்புத்தகம் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். எல்லாமே சாகசக் கதை, சிரிப்புக் கதை, பேய்க்கதைதான். "பாடப்புத்தகத்தையே தொட மாட்டேங்கான், இதுல இது வேறயா டீச்சர்?" என்று போன கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அடுத்த பக்கத்தைப் புரட்ட ஒரு காரணம் வேண்டும். குகைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்று தெரியாமல் அவனால் புத்தகத்தை மூட முடியாது; எழுத்துக்கூட்டியாவது போய்விடுவான். சிரிப்பு இன்னும் கறார். வரி புரிந்தால்தான் சிரிப்பு வரும். அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நிலை பிரித்து வருகின்றன. 'நட'யிலேயே நின்ற சிலரை இங்கே ஓட வைத்தது சிரிப்புக் கதைகள்தான்.

ஏழாம் வகுப்பில் கதை எழுதச் சொன்னோம். பாபநாசம் அணைக்குள் நீர்மூழ்கிக் கப்பலை ஒளித்துவைத்த கொள்ளையரைப் பற்றி ஒரு மாணவி எழுதினாள். கப்பல் மூழ்கத் தண்ணீர் போதுமா என்று பேப்பரில் அணை நீர்மட்டம் போடும் இடத்தைத் தேடிப்பிடித்து, உச்ச அளவு 143 அடி என்று குறித்திருந்தாள். வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தால் செய்திருப்பாளா? இன்னொரு கதையில் பத்தமடைப் பாய் பறக்கிறது. மணிமுத்தாறு அருவிக்கு மேலே சாரலில் நனைந்து, கனம் தாங்காமல், ஆச்சியோடு கீழே இறங்கிவிடுகிறது. ஆச்சி பாயைத் திட்டுவது முழுக்க நம்ம ஊர்ப் பேச்சு. "ஏலே" என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை.

இந்தக் கதைகளில் பெரியவர்கள் அடிக்கடி அசடு வழிவார்கள், தலைமையாசிரியர்கள் கொஞ்சம் அதிகமாகவே. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் கோட்டை விட்டால்தான் பிள்ளைகளுக்குக் கதையில் வேலை.

படித்து முடித்ததும் "இதில் என்ன நீதி?" என்று மட்டும் கேட்க வேண்டாம். பீடி சுற்றும்போது பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கைக்குத்தானே வேலை, காது சும்மாதான் இருக்கிறது. தப்பாக வாசித்தால் வரிக்கு வரி நிறுத்தித் திருத்தாதீர்கள். அப்புறம், பேய்க்கதை கொண்டுவரும் பிள்ளையைப் பகலிலேயே படிக்கவையுங்கள். ராத்திரி துணைக்கு எழுப்பப்போவது உங்களைத்தான்.

பள்ளி திறக்கும் நாளில் புத்தகம் திரும்பி வந்தால் போதும். குழம்புக் கறைக்கு அபராதம் கிடையாது. தம்பி தங்கை கிழித்திருந்தால் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்